கால் வந்தா ஓடக் கூடாது

அந்த வீட்டில் செல்போன் என்றால் மணி பார்க்கிற சாமான், அவ்வளவுதான். போட்டோ பார்க்கலாம், கோபம் வந்தால் சோபாவில் விட்டெறியலாம். பேச மட்டும் முடியாது. மெயின் ரோட்டுக்குக் கீழே, பாறைச் சரிவில் முதுகைச் சாய்த்துக் கட்டின வீடு. சுவர் எல்லாம் கருங்கல். சிக்னல் வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வெளியே வந்து, படிக்கட்டில் ஏறி, ரோட்டை ஒட்டின மேல்படியில் போய் நிற்க வேண்டும். ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால் எப்போதாவது ஒரு தடவை தப்பித் தவறி மணி அடிக்கும். அடித்த உடனே வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே "ஓடு, ஓடு!" என்று கத்துவார். அவர் மனைவி தையல்காரம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடுவாள். மேலே போய்ச் சேரும்போது மறுமுனையில் ஆள் இருந்தால் அதிர்ஷ்டம்.

இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓடிற்று. அவள் பேண்ட், சட்டை, கோட்டு எல்லாம் பிரித்து அளவு மாற்றித் தைக்கிறவள். வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவராக இருந்தார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மாடிக்கு ஏற்றி விட்டவருக்குத் தன் வீட்டு வாசல் படி ஏற முடியாமல் போனதுதான் கொடுமை. அவருடைய இரண்டு கிட்னியும் கையை விரித்துவிட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். நல்லவேளை, பின்வாசல் சமதளமாகச் சந்துக்குள் திறக்கும், டயாலிசிஸ் செய்கிற இடமும் அந்தச் சந்து முனையிலேயே இருக்கிறது. அதனால்தான் வீட்டை மாற்ற மனசு வரவில்லை. பின்பக்கச் சந்திலும் சிக்னல் கிடையாது, அது வேறு விஷயம்.

மாற்றுக் கிட்னிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வரிசையைக் கவனிக்கிற அம்மா தையல்காரம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

"இனிமே எப்ப வேணாலும் போன் வரும்மா. பகல், ராத்திரி பார்க்க மாட்டோம். எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிப்போம். அப்பவும் கிடைக்கலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுருவோம். எங்களுக்கும் வேற வழி இல்ல. கிட்னி காத்திருக்காது."

தையல்காரம்மா வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் தெரியுமா? ஒரு முக்காலியையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு போய் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் உட்கார்ந்தாள், காற்றில் உட்கார்ந்தாள், மழை வந்தபோது குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேண்ட் கால் மடித்துத் தைத்தாள். கீழே அவர் தண்ணீர் கேட்டால் இறங்கி ஓட வேண்டும். இறங்கின நேரத்தில் போன் வந்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டுத் திரும்ப மேலே ஓடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷிக்கு இருந்த வைராக்கியம் யாருக்கும் வராது. ஆனால் மேல்படியில் தூங்க முடியுமா, சொல்லுங்கள்.

இரண்டாவது நம்பர் என்று ஆஸ்பத்திரியில் நாத்தனார் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சிக்கல். அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வண்டி ஓடும்போது உயிரே போனாலும் போனைத் தொட மாட்டாள். அது அவள் போட்ட சட்டம், அவளே மீற மாட்டாள். கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா? நாள் முழுக்க அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டே இருந்து, வீட்டுக்கு வந்தாலும் யார் என்ன பேசினாலும் ஒரு மிதி மிதித்து நிறுத்துவாள். அதனால் அண்ணன் வைத்த பெயர் பிரேக்கு.

பிரேக்கு மேல் தையல்காரம்மாவுக்குப் பெரிய பகை எதுவும் இல்லை. சின்னச் சின்னதாய் நிறைய இருந்தது. அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று வந்து அடுப்படி அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டுப் போகிற ரகம் அவள். சொல்வது சரியாக வேறு இருந்து தொலைக்கும்.

அன்றைக்கு மழையில் மேல்படியில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"அண்ணி, வீட்டுக்குள்ள இன்டர்நெட் கேபிள் வருது இல்ல?"

"வருது. உங்க அண்ணன் டிவில படம் பாக்கறதுக்கு."

"அப்ப டவரே வேணாம். வைஃபைலயே போன் பேசலாம். உங்க போன்ல அந்த வசதி இருக்கு, அதை ஆன் பண்ணிட்டாப் போதும். இப்ப இருக்கற பெட்டிதான் மட்டம். நல்ல ரவுட்டரா ஒண்ணு வாங்கணும்."

"அதெல்லாம் நம்பி உசுரை வெக்க முடியுமா?"

"நம்பற மாதிரி பெட்டியாப் பார்த்து வாங்குவோம். எழுந்திருங்க."

கடையில் தையல்காரம்மாவின் கண் போனது ஒன்றின் மேல். கன்னங்கரேல் என்று, சுற்றிலும் கொம்பு கொம்பாய் நீட்டிக்கொண்டு, பார்த்தாலே இரண்டு அடி தள்ளி நிற்கத் தோன்றும். மனசுக்குள் அதற்குக் கொம்பன் என்று பெயரே வைத்துவிட்டாள். பக்கத்தில் வெள்ளையாய், சப்பையாய், சோப்பு டப்பா போல ஒன்று கிடந்தது. பிரேக்கு அதைக் கையில் எடுத்தாள்.

கடைக்காரர் வேகம், வேகம் என்று ஆரம்பித்தார். பிரேக்கு ஒரு மிதி மிதித்தாள்.

"வேகம் இருக்கட்டும் சார். நாங்க படம் பாக்க வாங்கலை. ஒரே ஒரு போன் வரணும், அது அடிக்கணும், நடுவுல அறுந்து போகக் கூடாது. கரண்ட் போய் வந்தா யாரும் தொடாமலே தானா எழுந்துக்குமா?"

"எழுந்துக்கும்."

"போன் ஒரு மூலையில தூங்கிட்டே கிடக்கும். ரொம்ப நேரம் யாரும் தொடலைன்னு இது அதைக் கை கழுவிடுமா, பிடிச்சே வெச்சிருக்குமா?"

கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்து, "பிடிச்சே வெச்சிருக்கும்" என்றார். பிரேக்கு விடவில்லை. ஒருத்தர் படம் பார்க்கும்போது இன்னொருத்தர் போன் பேசினால், பேச்சுக்கு முதலில் வழி விடுமா? வாரத்துக்கு ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லுமா? கரண்ட் இல்லாத நேரத்துக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன பேட்டரி இதற்குப் பொருந்துமா? இதே பெட்டியைப் பழுதாகிவிட்டது என்று எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு அந்த மனுஷர் கொம்பனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அதுதான்மா அதிகம் திரும்பி வருது" என்று ஒத்துக்கொண்டார். டப்பாவும் பேட்டரியும் வீட்டுக்கு வந்தன.

தையல்காரம்மா டிவி அலமாரிக்குப் பின்னால், எவர்சில்வர் பாத்திரம் அடுக்கின இடத்தில் அதை மறைத்து வைக்கப் போனாள். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்குமாம். பிரேக்கு அதை எடுத்து ஹால் நடுச் சுவரில், தலை உயரத்துக்கு மாட்டினாள். "இது வெட்கப்படற ஜாதி இல்ல அண்ணி. எல்லா ரூமும் இதைப் பாக்கணும்." மாட்டிவிட்டு, போனில் அந்த வசதியை ஆன் செய்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டாள்.

போன் அடித்தது! கருங்கல் வீட்டின் நடு ஹாலில், யாரும் சாய்த்து வைக்காமல், மேஜை மேல் கிடந்தபடியே கணீர் என்று அடித்தது. "ஓடு, ஓடு!" என்றார் வீட்டுக்காரர். தையல்காரம்மா போனை எடுத்து, "ஹலோ, சொல்லு, ஹலோ" என்றாள். மறுமுனை தெளிவாகக் கேட்டது. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. பிறகு செத்துப்போனது.

மறுநாளும் அப்படியே. மணி என்னவோ ஒவ்வொரு தடவையும் அடித்தது, பேச்சுதான் பாதியில் அறுந்தது. தையல்காரம்மாவுக்குப் பயம் ஒரு பக்கம், உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம் இன்னொரு பக்கம். நான் அப்பவே சொன்னேனே, அந்த உப்புச் சப்பில்லாத டப்பா எதுக்காகும்? பிரேக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொம்பனையே கொண்டுவந்து மாட்டினாள். கொம்பனும் பாதியில் அறுத்தது. அதையும் திருப்பி, கடைக்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மூன்றாவதாக ஒன்று வந்தது. அதுவும் அப்படியே.

"எல்லாம் ஏமாத்து," என்றாள் தையல்காரம்மா. முக்காலி திரும்ப மேல்படிக்குப் போனது.

இதற்கு நடுவில் ஒரு நாள், அவள் வீட்டுக்குள் இருந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி அம்மாவிடமிருந்தே போன் வந்துவிட்டது. "அம்மா, ரத்தப் பரிசோதனை..." அவ்வளவுதான், செத்துப்போனது. மேல்படியில் நின்று திரும்பக் கூப்பிட்டு, பழைய ரிசல்ட் ஒன்றைக் கேட்கத்தான் என்று தெரிந்துகொண்ட பிறகும் அவளுக்கு ஒரே நினைப்புத்தான். இதுவே அந்தப் போனாக இருந்திருந்தால்? அன்றைக்கு முதல் தடவையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டுக்காரர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "விடு, இந்த வீட்டுக்கு லிஃப்டு வெச்சிருக்கணும், என் தப்பு" என்றார். அந்த நிலைமையிலும் அந்த மனுஷருக்கு ஜோக்கு.

பிரேக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கையில் பெட்டி இல்லை, கருவி இல்லை, ஒன்றும் இல்லை. தன்னிடம் வண்டி கற்றுக்கொள்கிற பல் டாக்டர் ஒருத்தியிடம், "நேரம் கிடைக்கறப்பல்லாம் இந்த நம்பருக்கு அடிச்சிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஹால் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சுவரில் இருந்த பெட்டியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி.

போன் அடித்தது.

"ஓடு, ஓடு!" என்றார் அண்ணன். தையல்காரம்மா போனைப் பிடுங்கினாள், "ஹலோ ஹலோ" என்றாள், செருப்பைத் தேடாமல் முன்வாசலைத் தாண்டினாள், படியில் தடதடவென்று ஏறினாள்.

"அண்ணி! எங்க போறீங்க?"

"போன் வந்திருக்கு!"

"தெரியுது. எங்க போறீங்க?"

"மேலதான்! போன் வந்தா வேற எங்க..." என்றபடி நடுப்படியில் நின்றாள். கையில் போன் செத்துக் கிடந்தது.

பிரேக்கு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணி," என்றாள், "கால் கட் ஆகறது பெட்டியால இல்ல. உங்க காலால."

தையல்காரம்மாவுக்குப் புரியவில்லை. பிரேக்கு அவளைக் கீழே கூட்டிவந்து நிதானமாகச் சொன்னாள். ஹாலில் வைஃபை இருக்கிறது. மேல்படியில் டவர் இருக்கிறது. நடுப்படியில் இரண்டும் இல்லை, கருங்கல்தான் இருக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற போனை நீங்களே கொண்டுபோய் ஒன்றும் இல்லாத இடத்தில் விடுகிறீர்கள், அது என்ன செய்யும், பாவம்.

தையல்காரம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. மூன்று பெட்டி! கடைக்காரரைத் திட்டின திட்டு! போன் வந்தால் படியேறுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. தான் ஓடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. போச்சு, இனி சொந்தக்காரர் கல்யாணம் காட்சி எல்லாவற்றிலும் இதுதான் கதை, நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் என்று மனசுக்குள் கூனிக் குறுகினாள்.

பிரேக்கு சிரிக்கவே இல்லை.

"தப்பு என்னுது அண்ணி. பெட்டியைப் பத்தி அவ்ளோ கேள்வி கேட்டேனே, நீங்க போனை எங்க நின்னு பேசுவீங்கன்னு ஒரு கேள்வி கேட்டேனா?" என்றாள். "வண்டி பழகறவங்களும் இதேதான். பயந்தா கால் தானா ஏதாவது ஒண்ணை மிதிக்கும். காலைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. காலுக்கு வேற வேலை குடுக்கணும். போன் அடிச்சா தையல் மிஷின்ல உக்காந்து மிதி மேல ரெண்டு காலையும் வைங்க. வெச்சிட்டுத்தான் ஹலோ சொல்லணும். அண்ணே, நீயும் ஓடு ஓடுன்னு கத்தாதே. உக்காருன்னு கத்து."

அந்த ஒரு நிமிஷத்தில் தையல்காரம்மாவுக்கு நாத்தனார் மேல் இருந்த சின்னச் சின்னது எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இத்தனை நாள் இவளைப் போய் அலமாரிக் கணக்கில் வைத்திருந்தேனே என்று தோன்றியது. வாயைத் திறந்து, "நீ கெட்டிக்காரிடி" என்று சொல்லியும் விட்டாள். பிரேக்கு எழுந்து போய் அலமாரியை அடுக்க ஆரம்பித்தாள். தையல்காரம்மா தடுக்கவில்லை.

பழைய டப்பாவே திரும்பி வந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத் தையல்காரம்மாவே போனாள். அப்புறம் தொடங்கியது பயிற்சி. பல் டாக்டர் இரண்டு பல்லுக்கு நடுவில் அடிப்பாள், பிரேக்கு இரண்டு வகுப்புக்கு நடுவில் அடிப்பாள். வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் "ஓ..." என்று ஆரம்பித்து, "...உக்காரு!" என்று முடிப்பார். மிஷின் மிதியில் கால் வைத்ததும் பதற்றத்தில் மிதித்துத் தொலைத்து, ஒரு வாடிக்கைக்காரரின் பேண்டில் கால் நுழைகிற வழியையே தைத்து மூடிவிட்டாள். அதைப் பிரித்துக்கொண்டே முழுசாக ஒரு போன் பேசி முடித்தாள். முதல் முழுப் பேச்சு அதுதான். பல் டாக்டருக்கு வண்டி பழக்கம் எப்படிப் போகிறது என்பது வரை விசாரித்தாள்.

டப்பாவும் சும்மா சொல்லக் கூடாது. கரண்ட் போகும், ஃபேன் நிற்கும், டிவி அணையும், அது மட்டும் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கோடு சுவரில் இருக்கும். பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் கரண்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். யாரும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. தூசி தட்டும்போது தையல்காரம்மா அதை மட்டும் மெல்லத் துடைப்பாள். ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினாள்.

அந்தப் போன் ஒரு மத்தியானம் வந்தது. வீட்டுக்காரர் கண்ணயர்ந்திருந்தார். கத்த ஆள் இல்லை. அவள் அடுப்படியில் ஈரக் கையோடு நின்றாள், மிஷின் ஹாலில் இருந்தது. போனை எடுத்ததும் கால் வாசல் பக்கம் திரும்பியே விட்டது. நின்ற இடத்திலேயே, தரையில், தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரில இருந்து பேசறேன். அவருக்கு ஒண்ணு வந்திருக்கு. அவசரப்படாம நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், டயாலிசிஸ் எப்போது முடிந்தது, இப்போதே கிளம்ப முடியுமா. ஒவ்வொன்றும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தையல்காரம்மா கண்ணீர் வழிய வழிய, குரல் மட்டும் பிசகாமல் பதில் சொன்னாள். பேச்சு கடைசி வரை அறுந்துபோகவில்லை.

"நல்லவேளை, முதல் மணிக்கே எடுத்துட்டீங்க," என்றாள் ஆஸ்பத்திரி அம்மா. குரலில் களைப்பு இருந்தது. "இது முதல்ல வேற ஒருத்தருக்கும்மா. சொல்லக் கூடாது, வாய் தவறி வந்துடுச்சு. அடிச்சு அடிச்சுப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு அப்பால்னே வருது."

தையல்காரம்மா டிரைவிங் ஸ்கூல் ஆபீசுக்குப் போன் செய்து, அங்கிருந்து ஒருவர் பைக்கில் துரத்திப் போய்ச் சொன்னதும், பாதி வகுப்பில் பல் டாக்டரை ரோட்டோரம் இறக்கிவிட்டு, தலையில் போர்டு வைத்த வண்டியோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள் பிரேக்கு. அண்ணனைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்கார வைத்தாள். அவர் தன் காலுக்குக் கீழே இருந்த பிரேக்கைப் பார்த்து, "இதை நான் மிதிக்கலாமா?" என்றார். "தொட்டா இறக்கி விட்டுருவேன்" என்றாள். சொல்லிவிட்டு அண்ணனுக்கு சீட் பெல்ட்டை மாட்டினாள்.

தையல்காரம்மா பின்சீட்டில் இருந்தாள். கணவருக்கு உயிர் வந்த சந்தோஷம் நெஞ்சு முழுக்க இருந்தது. அதற்குள்ளேயே ஒன்று உறுத்திக்கொண்டும் இருந்தது. எங்கேயோ ஒரு வீடு. இதே மாதிரி ஒரு கட்டில். அங்கே இன்னும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாங்க முடியாமல் நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

பிரேக்கு ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோதுதான் பேசினாள்.

"ஆஸ்பத்திரி அம்மா நமக்கு அந்த வீட்டு நம்பரைத் தர மாட்டாங்க அண்ணி. தரவும் கூடாது. என் நம்பரை அவங்ககிட்டக் குடுக்கச் சொல்லுங்க. எந்த வீடா இருந்தாலும் போறேன். அடுத்த தடவை அவங்க போன் அடிக்கணும்."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்சீட்டுக்கு எட்டி நாத்தனார் தோளைப் பிடித்தாள்.

"தனியாப் போகாதே," என்றாள். "நானும் வரேன். அவங்க எங்க தப்புப் பண்ணுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும்."